இரண்டு தோட்டாக்களுக்கு நடுவே

லீ-என்ஃபீல்டு என்ற இரட்டைப் பெயரின் பிற்பாதியைத் தமிழ் வாசகருக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. 1955-இல் சென்னையில் கால்பதித்து, திருவொற்றியூரில் உருவான புல்லட் மோட்டார் சைக்கிள் அந்தப் பெயரை நம் தெருக்களில் இன்றும் ஒலிக்கச் செய்துகொண்டிருக்கிறது. லண்டனுக்கு வடக்கே என்ஃபீல்டு என்னும் ஊரில் இயங்கிய அரசு ஆயுதத் தொழிற்சாலைக்கு உதிரிபாகங்கள் செய்துகொடுத்த ஒரு மிதிவண்டி நிறுவனம், அந்த உறவையே தன் பெயராகச் சூட்டிக்கொண்டது. அதன் சின்னத்தில் பீரங்கி இடம்பெற்றதும் அதனால்தான். பெயரின் முற்பாதியான லீ யார் என்று கேட்டால், துப்பாக்கிகளின் வரலாற்றில் ஊறியவர்கள் உடனே பதில் சொல்வார்கள், மற்றவர்கள் தயங்குவார்கள்.

ஆனால், அவருடைய கைவேலை நம் கண்களுக்குப் புதிதன்று. திரீ நாட் திரீ என்று அழைக்கப்பட்ட நீளத் துப்பாக்கியை ஏந்திய காவலரைக் கருவூல வாயிலிலோ வாக்குச்சாவடியிலோ காணாமல் வளர்ந்த தலைமுறை இந்தியாவில் அரிது. உத்தரப் பிரதேசக் காவல் துறை அதற்கு 2020-ஆம் ஆண்டுக் குடியரசு நாளில்தான் விடைகொடுத்தது. அந்தத் துப்பாக்கியின் விசைக்கு முன்னால், அடிப்புறத்தில் ஒரு சிறிய இரும்புப் பெட்டி தொங்கும். மேகசின் எனப்படும் அந்தக் கழற்றி மாட்டக்கூடிய தோட்டாப் பெட்டிதான் ஜேம்ஸ் பாரிஸ் லீ உலகுக்கு விட்டுச்சென்ற சொத்து. நன்றும் தீதும் சேர்ந்த சொத்து அது.

இன்று அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இலக்குச் சுடும் விளையாட்டில் ஈடுபடுவோர், பழைய மரக்கட்டையை நீக்கிவிட்டு அலுமினியச் சட்டமான சேஸிஸில் துப்பாக்கியின் இயங்கு பகுதியைப் பொருத்துகிறார்கள். அவர்களில் பலர் அப்படிச் செய்வதன் முதன்மையான நோக்கமே, உள்ளேயே அடங்கிய நிலையான மேகசினுக்குப் பதிலாகக் கழற்றி மாட்டும் மேகசினைப் பெறுவதுதான். பெட்டி ஒரு மயிரிழை தாழ்ந்தால், பின்னாலிருந்து வரும் போல்ட் தோட்டாவைப் பற்றாமல் கடந்துவிடும். சற்றே உயர்ந்தால் போல்ட் அதில் உரசித் தடைபடும். பெட்டியின் வாயிலுள்ள இரு உதடுகளும் தோட்டாவை உரிய கோணத்தில் பிடித்திருந்து, உரிய நொடியில் விட்டுவிட வேண்டும். கணினி கடைந்த உலோகத்தைக் கொண்டு இன்று தீர்க்கப்படும் இந்தப் புதிரை, 1879-இல் அரத்தையும் ஸ்பிரிங்கையும் கொண்டு தீர்த்தவர் லீ.

கடிகாரக் கடையில் தொடங்கிய வாழ்க்கை

ஸ்காட்லாந்தின் ஹாவிக் என்ற சிற்றூரில் 1831 ஆகஸ்ட் 9 அன்று லீ பிறந்தார். அவர் சிறு குழந்தையாக இருந்தபோதே குடும்பம் அட்லாண்டிக் பெருங்கடலைக் கடந்து, கனடாவின் ஒன்டாரியோ பகுதியிலுள்ள கால்ட் என்ற ஊரில் குடியேறியது. தந்தை கடிகாரம் செய்பவர். மகனும் அந்தப் பட்டறையிலேயே தொழில் பழகினார். 12 வயதில், தந்தையிடமிருந்த பழைய குதிரைவீரர் கைத்துப்பாக்கி ஒன்றுக்குத் தானே மரக்கட்டை செதுக்கி, அரை பென்னிக் காசைக் கொண்டு மருந்துக் கிண்ணி செய்து, ஒரு துப்பாக்கியை உருவாக்கினார் என்று அவரது வரலாற்றை எழுதியோர் குறிப்பிடுகிறார்கள். அது சரியாக இயங்கவில்லை. ஆனால், ஆர்வம் அடங்கவில்லை.

கடிகாரத் தொழிலை அவரது வாழ்வின் வெறும் முன்னுரையாகக் கடந்துவிட எனக்கு மனமில்லை. கடிகாரம் என்பது என்ன? ஒரு ஸ்பிரிங்கில் சேமித்த விசையை ஒரே மூச்சில் வெளியே பாயவிடாமல், அளந்து, ஒவ்வொரு துடிப்பாக விடுவிக்கும் பொறி. லீ பிற்காலத்தில் செய்த பெட்டியும் அதே வேலையைத்தான் செய்கிறது. அடியில் மடங்கிய ஸ்பிரிங், அதன்மேல் ஒரு தகடு, தகட்டின்மேல் ஒன்றன்மேல் ஒன்றாகத் தோட்டாக்கள். மேலுள்ள தோட்டா போனதும் அடுத்தது அதே இடத்துக்கு உயர்கிறது. நொடிகளை எண்ணும் கலையைக் கற்றவர், பின்னர் நொடிகளை மிச்சப்படுத்தும் கலைக்குத் தன்னை ஒப்புக்கொடுத்தார் என்றே சொல்லத் தோன்றுகிறது.

ஒன்டாரியோவில் சிறிது காலம் தனிக்கடை நடத்திய லீ, அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்துக்குப் பெயர்ந்தார். அங்கே உள்நாட்டுப் போர் அவரை முழுநேரத் துப்பாக்கிக்காரராக்கியது. அக்காலத்துப் படைவீரர் மருந்தையும் குண்டையும் குழலின் வாய்வழியே இட்டுக் கோலால் இடித்து இறுக்க வேண்டியிருந்தது. தேர்ந்த கைகளுக்கும் நிமிடத்துக்கு மூன்று முறை சுடுவது பெரும்பாடு. வாய்வழி நிரப்பும் துப்பாக்கியைப் பின்வழி நிரப்பும் துப்பாக்கியாக மாற்றும் முறைக்கு லீ 1862-இல் காப்புரிமை பெற்றார். 1865-இல் 1,000 குறுந்துப்பாக்கிகளுக்கு ராணுவத்தின் ஒப்பந்தமும் கிடைத்தது. ஆனால், குழலின் விட்ட அளவில் ஏற்பட்ட குழப்பத்தால் ராணுவம் அவற்றை ஏற்க மறுத்தது. போரும் முடிந்திருந்தது. மில்வாக்கியில் அவர் எழுப்பிய கனவு வழக்கிலும் நட்டத்திலும் கரைந்தது.

தோற்றவர் தொழிலை விடவில்லை. நியூயார்க் மாநிலத்தின் இலியன் நகரிலிருந்த ரெமிங்டன் தொழிற்சாலையோடு தொடர்பு கொண்டார். விரைவாக நிரப்பக்கூடிய அவரது ஒற்றைத் தோட்டாத் துப்பாக்கி ஒன்று, 1875-இல் ஸ்பிரிங்ஃபீல்டு அரசு ஆயுதசாலையில் சோதனைக்காகச் சிறிய எண்ணிக்கையில் செய்யப்பட்டது. அதுவும் ஏற்கப்படவில்லை. இந்தத் தோல்விகள் அனைத்திலும் ஒரே தேடல் இழையோடுவதைக் காண்கிறேன். ஒரு வெடிக்கும் மறு வெடிக்கும் இடையிலுள்ள காலத்தை எப்படிச் சுருக்குவது? ஏறத்தாழ 40 ஆண்டுகள் அந்த ஒரே கேள்வியோடு அவர் வாழ்ந்தார்.

பெட்டி பிறந்த கதை

பல தோட்டாக்களை ஒரே சமயத்தில் துப்பாக்கிக்குள் வைக்கும் எண்ணம் லீக்கு முன்பே இருந்தது. வின்செஸ்டர் போன்ற துப்பாக்கிகளில் குழலுக்குக் கீழே இன்னொரு குழாய் இருக்கும். அதில் தோட்டாக்கள் ரயில் பெட்டிகளைப்போல் ஒன்றன்பின் ஒன்றாகக் கிடக்கும். காலியானால் ஒவ்வொன்றாக உள்ளே தள்ளி நிரப்ப வேண்டும். தோட்டாக்கள் குறையக் குறையத் துப்பாக்கியின் எடைச்சமநிலை மாறும். ஒரு தோட்டாவின் மூக்கு முன்னுள்ளதன் வெடிமருந்து மூடியில் இடித்துக்கொண்டிருக்கும் என்பது இன்னொரு கவலை. கூர்முனைக் குண்டுகள் வந்த பிறகு அது பேரபாயமாகவே ஆயிற்று. இத்தனை குறைகளுக்கும் நடுவில், பிரான்ஸ் 1886-இல் ஏற்றுக்கொண்ட லெபெல் துப்பாக்கிகூட அந்தக் குழாயையே நம்பியிருந்தது.

லீ தோட்டாக்களைக் கிடைவரிசையிலிருந்து எடுத்து நிலைவரிசையில் அடுக்கினார். அடுக்கைப் பெட்டியில் இட்டார். பெட்டியைத் துப்பாக்கியின் மையத்தில், போல்ட்டுக்கு நேர் கீழே பொருத்தினார். மிக முக்கியமாக, அதைக் கழற்றக்கூடியதாக்கினார். 1879 நவம்பர் 4 அன்று அதற்குக் காப்புரிமை கிடைத்தது. காலிப் பெட்டியைக் கழற்றி நிறைந்த பெட்டியை மாட்டினால் போதும். நிரப்பும் வேலையைப் போர்க்களத்துக்கு வெளியே, ஓய்வாக, முன்கூட்டியே முடித்துவிடலாம்.

அமெரிக்கக் கடற்படை 300 துப்பாக்கிகள் கேட்டது. பிரிட்ஜ்போர்ட் நகரின் ஷார்ப்ஸ் நிறுவனம் அவற்றைச் செய்யத் தொடங்கி, முடிப்பதற்குள் மூடுவிழா கண்டது. ரெமிங்டன் அந்தப் பணியை ஏற்றது. அந்த ஷார்ப்ஸ் ஆலையில் பொறுப்பிலிருந்தவர் ஹியூகோ போர்ஷார்ட் என்ற பொறியாளர். 1893-இல் அவர் ஜெர்மனியில் உருவாக்கிய தானியங்கிக் கைத்துப்பாக்கியின் பிடிக்குள்ளும் கழற்றி மாட்டும் மேகசின் ஒன்று இருந்தது. இன்று உலகெங்கும் காவலர் இடுப்பில் தொங்கும் கைத்துப்பாக்கிகளின் மூதாதை அது.

சங்கிலியால் கட்டப்பட்ட புதுமை

சொந்த நாட்டு ராணுவம் கைவிட்டதை பிரிட்டன் பற்றிக்கொண்டது. பல ஆண்டுச் சோதனைகளுக்குப் பின், 1888 டிசம்பரில் லீயின் போல்ட்டையும் பெட்டியையும், வில்லியம் மெட்ஃபோர்டு வகுத்த குழலையும் இணைத்து லீ-மெட்ஃபோர்டு துப்பாக்கியை அது ஏற்றது. முதலில் 8 தோட்டாக்கள், விரைவில் 10. புகையற்ற வெடிமருந்தின் வெப்பத்தை மெட்ஃபோர்டின் குழல் தாங்காததால், 1895-இல் என்ஃபீல்டு ஆலை வகுத்த குழல் அதன் இடத்துக்கு வந்தது. லீ-என்ஃபீல்டு பிறந்தது இப்படித்தான்.

ஆனால், லீயின் பெட்டியை பிரிட்டிஷ் ராணுவம் நடத்திய விதம் வியப்புக்குரியது. கழற்றக்கூடிய பெட்டியை வாங்கிய அதே ராணுவம், வீரர்கள் அதைத் தொலைத்துவிடக் கூடாதென்று ஒரு சிறு சங்கிலி வளையத்தால் துப்பாக்கியோடு பிணைத்து வைத்தது. பெட்டியின் வாயை மறைக்கும் தகடு ஒன்றையும் பொருத்தியது. வீரர் அந்தத் தகட்டை மூடிவைத்து, பழைய முறைப்படி ஒவ்வொரு தோட்டாவாக இட்டுச் சுட வேண்டும். பெட்டியிலுள்ளவை நெருக்கடி நேரத்துக்கான சேமிப்பு. விரைந்து சுட வாய்ப்பளித்தால் வீரர்கள் தோட்டாக்களை வீணாக்கிவிடுவார்கள் என்ற அச்சமே இதன் அடிப்படை. பின்னர், ஐந்து ஐந்தாகத் தோட்டா செருகிய தகட்டுப் பட்டையால் மேலிருந்தே நிரப்பும் முறை வந்தது. பயிற்சி பெற்ற வீரர் நிமிடத்துக்கு 15 முறை குறிபார்த்துச் சுடலாம் என்ற நிலை ஏற்பட்டது. முதல் உலகப் போரின் நடுவில், உற்பத்தியை விரைவுபடுத்துவதற்காக அந்தத் தடுப்புத் தகடும் கைவிடப்பட்டது. அதற்குள் தயக்கத்துக்கு இடமில்லாத காலம் வந்துவிட்டது.

லீ அதைக் காணவில்லை. 1895-இல் அமெரிக்கக் கடற்படை அவருடைய இன்னொரு துப்பாக்கியை ஏற்றது. தான் கண்டுபிடித்த கழற்றும் பெட்டி அதில் இல்லை என்பது விந்தை. 1904 பிப்ரவரி 24 அன்று கனெக்டிகட் மாநிலத்தின் ஷார்ட் பீச் என்ற கடலோரச் சிற்றூரில் அவர் காலமானார். அதே 1904-இல்தான் கொல்கத்தாவுக்கு அருகே இச்சாப்பூரில் துப்பாக்கித் தொழிற்சாலை நிறுவப்பட்டது. லீ என்றுமே பாராத இந்தியாவில், அவரது துப்பாக்கி பல லட்சக்கணக்கில் வார்க்கப்படவிருந்தது. 1962-இல் இமயமலைப் போரிலும் நம் வீரர்களில் பெரும்பாலோர் ஏந்தியிருந்தது அதைத்தான்.

அமிர்தசரஸில் ஒரு கணக்கு

இந்த வாழ்க்கையை ஓர் இந்தியர் எழுதும்போது 1919 ஏப்ரல் 13-ஐத் தாண்டிச் செல்ல முடியாது. ஜாலியன்வாலாபாக்கில் ஜெனரல் டயரின் கட்டளைக்குக் கீழ்ப்படிந்து சுட்ட 50 பேரின் கைகளிலும் இருந்தவை லீயின் பெயர் தாங்கிய துப்பாக்கிகள். சுடப்பட்டவை 1,650 தோட்டாக்கள். சுமார் 10 நிமிடங்கள். அரசின் கணக்குப்படியே இறந்தவர்கள் 379 பேர்; உண்மை எண்ணிக்கை அதைவிடப் பன்மடங்கு என்பது இந்தியத் தரப்பின் உறுதியான நிலை.

இதைக் கொண்டு லீயைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது எளிது. நான் அதைச் செய்யத் தயங்குகிறேன். காரணம், கணக்கு. 1,650-ஐ 50-ஆல் வகுத்தால் ஆளுக்கு 33. பத்து நிமிடங்களில் 33 என்றால், நிமிடத்துக்கு மூன்றுக்குச் சற்றே அதிகம். லீ பிறப்பதற்கு முன்பிருந்த துப்பாக்கியைக் கொண்டே ஏறத்தாழ அந்த வேகத்தில் சுட்டிருக்கலாம். அன்று பெட்டியின் வேகம் பயன்படுத்தப்படவில்லை. நிதானமாகக் குறிபார்த்துச் சுட்டார்கள். பெட்டி மூன்று முறைக்கு மேல் காலியாகியிருக்கும். ஒவ்வொரு முறையும் நிரப்புவதற்குக் கை தாழ்ந்திருக்கும். ஒவ்வொரு முறையும் நிறுத்துவதற்கு ஒரு கணம் வாய்த்திருக்கும். அந்தக் கணங்களை யாரும் பயன்படுத்தவில்லை. தோட்டாக்கள் தீரும் தறுவாயில்தான் சுடுவது நின்றது. அன்று இடைவெளி இல்லாமல் போகவில்லை. அதைப் பயன்படுத்தும் மனம்தான் இல்லாமல் போயிற்று.

இன்னொரு 33

அந்த 33 என்ற எண் வேறோர் இடத்திலும் என் கண்ணில் படுகிறது. 2011 ஜனவரி 8 அன்று, அமெரிக்காவின் டூசான் நகரில் நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவர் மக்களைச் சந்தித்த கூட்டத்தில் ஒருவன் சுட்டான். அவன் கைத்துப்பாக்கியில் இருந்தது 33 தோட்டாக்கள் கொள்ளும் மேகசின். நொடிகளில் அது காலியானது. ஆறு பேர் இறந்தனர், அவர்களில் ஒருத்தி ஒன்பது வயதுச் சிறுமி. அவன் அடுத்த மேகசினை மாட்ட முயன்றபோதுதான் அங்கிருந்த சாதாரண மனிதர்கள் பாய்ந்து அவனை வீழ்த்தினார்கள். அவர்களுக்குக் கிடைத்தது ஓரிரு நொடிகள். மேகசின் சிறியதாக இருந்திருந்தால் அந்த நொடிகள் முன்னரே வந்திருக்கும்.

புதிய மேகசின்கள் 10 தோட்டாக்களுக்கு மேல் கொள்ளக் கூடாது என்று அமெரிக்க ஒன்றிய அரசு 1994-இல் சட்டம் இயற்றியிருந்தது. 2004-இல் அது காலாவதியாக விடப்பட்டது. டூசான் அதற்கு ஆறு ஆண்டுகளுக்குச் சற்று மேல் பிந்தையது. கிறைஸ்ட்சர்ச் பள்ளிவாசல்களில் 51 பேர் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து, 2019-இல் நியூசிலாந்து பெரிய மேகசின்களைத் தடை செய்தது. துப்பாக்கி உரிமை பேசுவோர் இவற்றை வெற்றுச் சடங்கு என்கிறார்கள். பழகிய கை ஓரிரு நொடிகளில் மேகசினை மாற்றிவிடும் என்பது அவர்கள் வாதம். வாதத்தின் முதற்பகுதி உண்மைதான். ஆனால், டூசானில் உயிர் பிழைத்தவர்களுக்கு அந்த ஓரிரு நொடிகளே எல்லாமுமாக இருந்தன. இலக்குச் சுடுவோரும் வேட்டைக்காரர்களும் சேஸிஸில் மாட்டும் ஐந்து அல்லது பத்துத் தோட்டாப் பெட்டியை இந்தச் சட்டங்கள் தொடுவதில்லை. போல்ட்டை ஒவ்வொரு முறையும் கையால் இழுக்க வேண்டிய துப்பாக்கியில் இடைவெளி இயல்பாகவே இருக்கிறது. லீயின் பெட்டி, விசையை அழுத்துந்தோறும் தானே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் துப்பாக்கியோடு சேரும்போதுதான் அந்த இடைவெளி ஏறக்குறைய மறைகிறது. சட்டம் கை வைக்க வேண்டிய இடமும் அதுவே.

நம் நாட்டில் பொதுமக்கள் கையில் துப்பாக்கி அரிது என்பதால் இதை அயலார் சிக்கலாக ஒதுக்க இயலாது. இங்கே கேள்வி அரசின் கையிலுள்ள துப்பாக்கியைப் பற்றியது. கூட்டத்தைக் கலைக்கும்போது எச்சரிக்கை வேண்டும், பலம் குறைந்தபட்சமாக இருக்க வேண்டும் என்று நம் நடைமுறைகள் வலியுறுத்துவது ஏன்? சுடுவதற்கு முன்பும் சுடும்போதும் சிந்திக்கும் கணங்கள் இருக்க வேண்டும் என்பதற்காகத்தானே? 2018 மே மாதம் தூத்துக்குடியில் 13 உயிர்கள் பறிபோனபோது எழுந்த கேள்விகளும் அந்தக் கணங்கள் மதிக்கப்பட்டனவா என்பதைச் சுற்றியே இருந்தன.

லீ ஓர் எளிய, நேர்த்தியான விடையைக் கண்டவர். அவர் முன்னால் வைக்கப்பட்ட வினா, படைவீரனின் காத்திருப்பைக் குறைப்பது எப்படி என்பது மட்டுமே. அதை 1879-லேயே தீர்த்துவிட்டார். எதிரே நிற்பவருக்கு அந்தக் காத்திருப்பு என்னவாக இருந்தது என்று அவரை யாரும் கேட்கவில்லை. கருவியைச் செய்தவர் விட்டுச்சென்ற அந்த இரண்டாம் வினா, சட்டம் செய்வோருக்கும் கட்டளை இடுவோருக்கும் உரியது. அமிர்தசரஸில் வாய்த்த இடைவெளிகளை ஒருவரும் பயன்படுத்தவில்லை; டூசானில் வாய்த்த ஒரே இடைவெளியைச் சிலர் பயன்படுத்தினார்கள். எத்தனை தோட்டாக்களுக்குப் பின் அந்த இடைவெளி வர வேண்டும் என்பதைச் சட்டத்தால் முடிவுசெய்ய முடியும். அது வரும்போது கையைத் தாழ்த்தும் பயிற்சியைக் காவலருக்கும் படைவீரருக்கும் அளிப்பது அரசின் கடமை.